பார்க்காமலே பைத்தியம் என்று எழுதினார்கள்

அந்த வீடியோவைப் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். "பைத்தியக்கார ராஜா கட்டின கோட்டை" என்று தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ராஜா, இன்றைய ஜெர்மனியின் தெற்கே இருந்த பவேரியாவின் இரண்டாம் லுட்விக். 1864-ல் ராஜா ஆனபோது வயது 18. இரண்டே வருஷத்தில் ஆஸ்திரியாவோடு சேர்ந்து போருக்குப் போய், வடக்கே இருந்த ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவிடம் தோற்றார். 1871-ல் ஜெர்மன் பேரரசு வந்தபின் பெரிய முடிவுகளெல்லாம் பிரஷ்யாவின் தலைநகர் பெர்லினுக்குப் போய்விட்டன. மனுஷன் மலைப்பக்கம் ஒதுங்கி மாளிகை கட்டினார். பகலில் தூங்கி, பனியில் ராத்திரி வண்டி ஓட்டச் சொல்லிப் போவார். ஒத்துக்கொள்கிறேன், விசித்திரம்தான். விசித்திரம் வேறு, பைத்தியம் வேறு.

1886 ஜூன் 8-ம் தேதி குடன் என்பவர் தலைமையில் நாலு மனநல மருத்துவர்கள், லுட்விக்குக் குணமாகாத மனநோய் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அறிக்கைக்காக அவரை ஒரு தடவைகூட உட்காரவைத்துப் பரிசோதிக்கவில்லை. வேலைக்காரர்கள் சொன்ன கதைகளை வைத்தே எழுதினார்கள். பரிசோதிக்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று குடனிடம் ராஜாவே கேட்டதாகச் சொல்வார்கள். ரெண்டு நாளில் சொந்தச் சித்தப்பா லூயிட்போல்ட் கைக்கு ஆட்சி போனது. 13-ம் தேதி ராத்திரி ஸ்டார்ன்பெர்க் ஏரியில் ராஜா, குடன் ரெண்டு பேருமே பிணமாகக் கிடந்தார்கள்.

பார்க்காமலே எழுதினார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"கடன் வாங்கினாரே?" என்பீர்கள். வாங்கினார், 1 கோடியே 40 லட்சம் மார்க் வரை. ஆனால் கட்டியது சொந்தப் பணத்திலும் கடனிலும்தான், அரசாங்கக் கஜானாவிலிருந்து இல்லை. "தம்பி ஓட்டோவுக்கு நிஜமாகவே மனநோய் இருந்ததே?" இருந்தது. தம்பிக்கு நோய் என்றால் அண்ணனைப் பார்க்காமல் எழுதிவிடலாமா? அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு: எங்கள் பெரியப்பாவும் ராத்திரி தூங்க மாட்டார். பெரியம்மா போனபின் திண்ணையில் லைட்டைப் போட்டுக்கொண்டு பழைய ரேடியோக்களைக் கழற்றி மாட்டுவார். ஈயப் பற்றவைப்பு வாசம் தெருவரை வரும். நிலத்தை விற்கும் பேச்சு வந்ததும் அவருக்குப் "புத்தி சரியில்லை" என்று ஒரு காகிதம் வந்தது. எந்த டாக்டரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தம்பிகள் சொன்னார்கள், எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் ரெண்டு தடவை படித்துவிட்டு, "என்கிட்ட யாருமே கேக்கலையேடா" என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

லுட்விக் செத்து ஏழு வாரத்தில், ஆகஸ்ட் 1-ம் தேதி, அவர் மலைமேல் கட்டின நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் காசு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திறந்துவிட்டார்கள். யாரும் வரவேண்டாம் என்று அவர் கட்டின வீடு. பைத்தியத்தின் வீடு என்றவர்களுக்கே அது வருமானம் ஆனது.

அந்த வீடியோவை என் பக்கத்தில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் நீக்கிவிடுவேன், நண்பராக இருந்தாலும்.