கடல் இடது பக்கம், கண்ணு மட்டும் ரோட்டு மேல

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிக்கொண்டு போவதில் அப்படி என்னதான் சுகம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்ல விட்டால்தானே, இந்த வேகத்தடை போடும் மகராசன்கள்!

விடிகாலை ஐந்தரைக்கு அக்கரை தாண்டிவிட்டால் ரோடு காலி. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது இடது பக்கம் முகத்துவாரம் வெளுத்துக்கொண்டு வரும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், அதுவும் நம் லேனை ஒட்டியே. மாமல்லபுரம் வரைக்கும் ரிசார்ட் மதிலும் பண்ணை வீட்டு மதிலும்தான் அதிகம் தெரியும், அது வேறு வயிற்றெரிச்சல். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வந்ததும் நெஞ்சு விரியும். மரக்காணத்தில் ரோட்டோரம் முழுக்க உப்பளம், வானம் அப்படியே தண்ணீரில் கிடக்கும். அந்த இடத்தில் மூன்றாவது கியர், எழுபது கிலோமீட்டர் வேகம், ஜன்னல் இறக்கம். போதும். இருநூறில் பறக்கத்தான் இந்தக் கார் என்று நினைப்பவன் ஓட்டிப் பார்க்காதவன். ஸ்போர்ட்ஸ் காரில் சீட் தரையோடு தரையாக இருக்கும். அறுபதில் போனாலே தொண்ணூறில் போகிற மாதிரி உடம்புக்குத் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். ஆக்சிலரேட்டரில் காலை எடுத்தால் எஞ்சின் குரல் மாறுவது காதுக்குக் கேட்கும். எல்லாம் போர்டில் போட்டிருக்கும் வேகத்துக்குள்ளேயே கிடைக்கிற சுகம்.

ஆனால் அந்த உப்பளத்தை யார் பார்த்தார்கள்? கண் ரோட்டைவிட்டு ஒரு நொடி நகர முடியாது. ஏனென்றால் பெயின்ட் இல்லாமல், போர்டு இல்லாமல், தார் நிறத்திலேயே தார் மேல் ஒரு மேடு உட்கார்ந்திருக்கும். நேற்று இல்லாதது இன்று இருக்கும்.

“குழியும் மேடும் இருக்கிற ஊரில் எவன் உன்னைத் தரையோடு ஒட்டின கார் வாங்கச் சொன்னான்?” இதைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்பவர்களுக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

வேகத்தடை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் மாமன்றத்தின் ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி 1988-லேயே வந்துவிட்டது. அதன்படி வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ., மேல்பரப்பு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பெரிய குலுக்கல் இல்லாமல் கடக்க வேண்டும் என்பது கணக்கு. கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம். இந்த வகைக் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறத்தாழ 11 முதல் 13 செ.மீ. உயரத்தில் இருக்கும். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொண்டால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர். மேட்டின் அகலம் 3.7 மீட்டர் என்பதால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது சக்கரங்களுக்கு நடுவே மேடு வயிற்றுப் பக்கம் எழும்பி வருவது வெறும் நாலரை செ.மீ. ஏறும் முனையில் சாய்வு ஆறு டிகிரி சொச்சம். மூக்கும் தட்டாது, வயிறும் தட்டாது. விதிப்படி கட்டிய வேகத்தடையில் தரையோடு ஒட்டின காரும் சும்மா ஏறி இறங்கிவிடும். புரிகிறதா? பிரச்சினை காரில் இல்லை ஐயா.

ரோட்டில் கட்டியிருப்பது என்ன? ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம். மிச்சமான தார்க் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டியது. முன் சக்கரம் ஏறி இறங்கி முடிந்துவிடும், பின் சக்கரம் இன்னும் தொட்டிருக்காது, நடுவில் பதினைந்து செ.மீ. மேடு பன்னிரண்டு செ.மீ. இடைவெளிக்குள் நுழையப் பார்க்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் பல் கூசும்.

சரி, பணக்காரன் கார் உரசினால் உரசட்டும், உனக்கென்ன என்று விடுவோம். அதே மேட்டில்தான் பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் தூக்கி அடிக்கிறது. ஷேர் ஆட்டோவின் கடைசி சீட்டில் உட்கார்ந்த கர்ப்பிணிப் பெண்ணின் இடுப்பில் இறங்குகிறது. ஆம்புலன்ஸுக்குள் ஸ்ட்ரெச்சரை எகிற வைக்கிறது. தரையோடு ஒட்டின கார் ஓட்டுபவன் சத்தம் போட்டுச் சொல்கிறான், மற்றவர்கள் முதுகைத் தடவிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுத்துவிடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-லேயே சுற்றறிக்கை விட்டது. நான்கு வழியாக்கும் வேலைக்காக ரோட்டை அங்கங்கே திருப்பிவிட்டிருக்கும் இடங்களில் போட்டிருக்கும் மேடுகளைப் பார்த்தால், அந்தச் சுற்றறிக்கையை எதற்கு மடித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி ரூபாய் கார் என்றால் நாற்பது லட்சம். அது போக வழிநெடுகச் சுங்கம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு மேட்டின் மேல் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் அடிக்க முடியாதா?

இப்படிப்பட்ட ரோட்டில் ஓட்டியே தீர வேண்டும் என்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சில. பட்டனை அழுத்தினால் காரின் மூக்கைத் தூக்கும் நோஸ் லிஃப்ட் வசதி இருந்தால் மேட்டின் மேல் வந்து நின்றுகொண்டு பட்டனைத் தேடாதீர்கள். மூக்கு நாலு செ.மீ. அளவு எழும்பச் சில நொடி ஆகும், குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழேதான் வேலை செய்யும், வேகம் கூடினால் தானாக இறங்கிவிடும். ஐம்பது மீட்டருக்கு முன்பே அழுத்துங்கள். புது மாடல்களில் இடத்தை ஜிபிஎஸ்ஸில் சேமித்து வைத்தால் அடுத்த முறை தானே தூக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் மேட்டை இடம் மாற்றினால் அது என்ன செய்யும் பாவம்.

லிஃப்ட் இல்லாத காரில் பலரும் செய்யும் தப்பு, மேட்டின் மேல் ஏறும்போதும் பிரேக்கில் கால் இருப்பது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கி மூக்கு இன்னும் கீழே போகும். மேட்டுக்கு முன்பே வேகத்தை முழுக்கக் குறைத்து, சக்கரம் தொடும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட்டு உருண்டு போக வேண்டும். சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் இன்னும் நல்லது. ஆனால் சாய்வாகப் போக ரோட்டின் அகலம் வேண்டும். நீங்கள் வலது பக்கம் ஒதுங்கிய அந்த நொடியில் இடது பக்கச் சந்தில் ஒரு பைக் நுழையும். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் தீர்ந்தது.

உரசியபின் ஒன்றும் ஆகவில்லை என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள். அடியில் எஞ்சினுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு ஒன்று சின்னச் சின்னக் கிளிப்பில் நிற்கும். இரண்டு கிளிப் போனால் முன்விளிம்பு தொங்கும், எண்பதில் போகும்போது காற்று உள்ளே புகுந்து முழுத் தட்டையும் கிழித்துக்கொண்டு போய்விடும். படபட என்று துணி அடிக்கும் சத்தம் கேட்டால் அதுதான். ஓரம் கட்டி, குனிந்து பார்த்து, நாலு கேபிள் டை போட்டுக் கட்டினால் வீடு வந்து சேரலாம். டேஷ்போர்டு பெட்டியில் பத்து கேபிள் டை எப்போதும் கிடக்கட்டும்.

டயர் விஷயம் இதைவிட மோசம். 911 கரேரா எஸ் காரில் முன் டயர் 245/35 ஆர்20. பக்கச்சுவர் உயரம் 86 மி.மீ. சாதாரண ஸ்விஃப்ட்டின் 185/65 ஆர்15 டயரில் அது 120 மி.மீ. குழியின் விளிம்பில் அடிக்கும்போது ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து, வெளியே முட்டை மாதிரி ஒரு புடைப்பு வரும். அதை ஒட்ட முடியாது, பஞ்சர் போட முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். இந்தக் கார்களில் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, சீலன்ட் டப்பாவும் சின்ன கம்ப்ரசரும்தான். சீலன்ட் ஆணி குத்திய ஓட்டையைத்தான் அடைக்கும், கிழிந்த பக்கச்சுவருக்கு எடுபடாது. கடப்பாக்கம் பக்கம் டயர் கிழிந்தால் ஃப்ளாட்பெட் லாரி வரும்வரை சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். லாரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கார் தாழ்வு, சரிவில் வைக்க இரண்டு பலகை எடுத்து வாருங்கள் என்று. இல்லாவிட்டால் ஏற்றும்போது மிச்சமிருக்கும் மூக்கும் போய்விடும். கொக்கியைச் சஸ்பென்ஷனில் மாட்ட விடாதீர்கள், டூல் கிட்டில் இருக்கும் டோ ஹுக்கை பம்பரில் திருகி அதில் மாட்டச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் படிக்கவும். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் அடிபட்டால் ஒரு பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் டயர் விலையில் பாதி. தனியாக டயர் கவர் எடுத்தால்தான் உண்டு.

கடல் காற்றின் உப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 911 மாதிரி எஞ்சின் பின்னால் இருக்கும் காரிலும் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் முன் பம்பரின் இரண்டு மூலையில்தான். அங்கே சவுக்கு ஊசி, மணல், பூச்சி எல்லாம் போய்ச் சேரும். அதில் உப்பு ஈரம் சேர்ந்து ஊறினால் அலுமினியம் அரித்து ஏசி கேஸ் மெல்லக் கசியும். திரும்பி வந்ததும் எஞ்சின் ஆறியபின் சாதாரணத் தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் அடியிலும் பம்பர் வாய்க்குள்ளும் விட்டுக் கழுவினால் போதும். மேலே படிந்த மணலைக் காய்ந்த துணியால் துடைத்தால் வெயிலில் வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும்.

மேடு போடும் ஊர்க்காரர்களைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் மனசு வரவில்லை. அவர்கள் ஏன் போடுகிறார்கள்? ரோட்டின் ஒரு பக்கம் குப்பம், மறுபக்கம் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீன் கூடையோடு ஓர் அம்மா ரோட்டைக் கடக்கும் நேரத்தில் ஒருவன் சைலன்சரைக் கழற்றிவிட்டு நூற்றைம்பதில் வருகிறான், பின்னால் இன்னொருவன் வீடியோ எடுத்துக்கொண்டே வருகிறான். நூற்றைம்பதில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர் ஓடும். ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போகவே அறுபது மீட்டர் போய்விடும். அதற்குமேல் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் தொண்ணூறு மீட்டர் வேண்டும். எழுபதில் வந்திருந்தால் மொத்தமே ஐம்பது மீட்டரில் நின்றிருக்கலாம். அவன் ஒருமுறை வந்து போகிறான், ஊர் அடுத்த வாரம் மேடு கட்டுகிறது, அது வருஷக்கணக்கில் கிடக்கிறது. வேகமாக ஓட்டியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து 3.7 கி.மீ. ரேஸ் டிராக் இருக்கிறது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பணத்தைக் கட்டி, அங்கே போய் டயரைத் தேயுங்கள். அங்கே எதிரில் மாடு வராது, மீன்கூடை வராது.

ரேஸ் விடுபவனைப் பிடிக்கிறேன் என்று போலீஸ் நடுரோட்டில் வைக்கும் பாரிகேடு தனிக்கதை. ஒளிரும் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம். அறுபதில் ஒழுங்காகப் போகிறவனை ஓரம் கட்டி ஆர்சி புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நம்பர் பிளேட்டை மடக்கிவைத்த பைக் பக்கத்திலேயே விர்ரென்று போகும். காரைச் சுற்றி நாலு பேர் நின்று “சார், எவ்வளவு சார் இது, மைலேஜ் என்ன கொடுக்கும்” என்று கேட்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும், டூரிஸ்ட் வேன் எல்லாம் வந்து முட்டுக்காட்டில் இரண்டு வரிசையில் நிறுத்திவிடுவார்கள், திருவான்மியூர் வரைக்கும் ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். ஊரும்போது இன்னொரு எச்சரிக்கை: டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள், கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே சூடாகும். பிரேக்கை முழுக்க அழுத்தி நில்லுங்கள், முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விழுந்தபின் ஒரே இழுப்பில் நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

குழியைப் படம் எடுத்து அனுப்ப நெடுஞ்சாலைத் துறையின் ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைக்கலாம். அழைக்கும்போது “ஸ்பீடு பிரேக்கர் பெருசா இருக்கு” என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது. டேப் வைத்து அளந்து, அகலம் இத்தனை, உயரம் இத்தனை, பட்டை இல்லை, பலகை இல்லை என்று கிலோமீட்டர் கல்லோடு எழுதிக் கொடுங்கள். உடைக்கச் சொல்ல வேண்டாம், பள்ளிக்கூடத்து வாசலில் அது வேண்டும்தான். 3.7 மீட்டர் அகலத்துக்கு நீட்டிக் கட்டி, பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள்.