வரி கட்டியாயிற்று, ஆம்புலன்ஸ் எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என் மாமனார் குளியலறையிலேயே சரிந்து விழுந்தார். 911-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர 19 நிமிடம் ஆனது. சர்க்கரை இறங்கியதுதான் காரணம், பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் முகம் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. வந்த இளைஞர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தப் பக்கத்துக்கு ஒரே வண்டிதானாம், அது வேறோர் அழைப்புக்குப் போயிருந்ததாம்.

அதே வாரம் சொத்து வரி பில் வந்தது. 11,300 டாலர்.

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே, வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கிறேன். பக்கத்து காலின் கவுண்டியில் 2000-இல் 4.9 லட்சம் பேர் இருந்தார்கள், 2020-இல் 10.6 லட்சம் பேர். அங்கே இடம் நெருக்க நெருக்க, அந்த அலை இப்போது எங்கள் பக்கம் அடிக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதைச் சொல்லித்தான் நம்மில் பலர் நியூ ஜெர்சியிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் பெட்டி கட்டி வந்தோம். அப்படியானால் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? வீட்டின் தலையில்தான் விழும். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் மகள் படிக்கும் பள்ளிக்கு நான் கொடுக்காமல் யார் கொடுப்பது?

கொடுத்த பிறகும் அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நான்காம் வகுப்பு. பள்ளிக்குப் பின்னால் இறக்கி வைத்திருக்கும் பெட்டி போன்ற தற்காலிக அறைதான் அவளுடைய வகுப்பு. பள்ளி திறந்த மூன்றாம் ஆண்டிலேயே இடம் போதவில்லை. இந்த வசந்தத்தில் டொர்னாடோ எச்சரிக்கைச் சங்கு ஊதியபோது, அந்தக் குழந்தைகள் கொட்டும் மழையில் பெரிய கட்டடத்துக்கு ஓடி, நடைக்கூடத்தில் தலையைக் கைகளால் மூடிக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த காலணியோடு வீட்டுக்கு வந்தாள்.

இப்போது எங்கள் பின்வேலிக்கு அப்பால் பாருங்கள். இருநூறு ஏக்கர் புல்வெளி, அதில் இருபது மாடுகள். நிலத்துக்காரர் விவசாயி அல்லர், வெளியூர் முதலீட்டு நிறுவனம். சாலையோரத்தில் 'விற்பனைக்கு' என்று பலகை நிற்கிறது. ஆனால் மாடு மேய்வதால் அது சட்டப்படி விவசாய நிலம். சந்தை விலைக்கு வரி கிடையாது, புல் தரும் வருமானத்தை வைத்துத்தான் மதிப்பீடு. எங்கள் வரியில் சாலை வந்து, பள்ளி வந்து, அந்த நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. ஏறிய விலை முழுவதும் அவர்களுக்கு. மனை போடும் நாளில் சலுகை பெற்ற ஆண்டுகளுக்குப் பழைய பாக்கி வசூலிப்பார்கள். அதுவும் முன்பு ஐந்து ஆண்டுக்கு, வட்டியோடு. 2019-இல் சட்டமன்றம் அதை மூன்றாண்டாகக் குறைத்துவிட்டது. உண்மையாக உழுது பிழைக்கும் குடும்பங்களுக்குச் சலுகை கொடுங்கள், நானே கை தூக்குகிறேன். விலை ஏறக் காத்திருப்பவனுக்கு எதற்கு?

நாளை அங்கே எண்ணூறு வீடு வரும். விதிப்படி வரைபடம் கொடுத்தால், பள்ளியில் இடமில்லை என்று சொல்லி மறுக்கும் அதிகாரம் கவுண்டிக்கு இல்லை. புதுப் பள்ளிக்காகக் கட்டுமான நிறுவனத்திடம் கட்டணம் வாங்க, இப்பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கும் சட்டம் இடம் தரவில்லை. புது வீடுகளிலிருந்தும் வரி வருமே என்பார்கள். வரும். ஆனால் ஜனவரி 1 அன்று என்ன நின்றதோ அதற்குத்தான் அந்த ஆண்டின் வரி. என் வீடு 2021 செப்டம்பரில் முடிந்தது, முதல் பில் வெறும் மனைக்கு மட்டும்தான் வந்தது. (மறு ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வந்து, வரிக்காக வங்கி மாதந்தோறும் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பற்றாக்குறை என்று மாதத் தவணையில் 900 டாலரை வங்கி ஏற்றியது தனிக்கதை. விற்கும்போது இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.) பிள்ளைகள் முதல் நாளே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். பணம் ஓராண்டுக்கு மேல் கழித்து வருகிறது.

வரியைக் குறைத்துவிட்டோம் என்று மாநிலத்தில் மார்தட்டுகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் தரும் விலக்கு 2023-இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமானது, 2025-இல் 1,40,000 ஆனது. எனக்கும் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி நிதியைக் கணக்கிட ஒரு மாணவருக்கு என்று வைத்திருக்கும் அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. அந்த ஆண்டுகளில் முட்டை விலை நின்றதா? பேருந்து டீசல் நின்றதா? 2025-இல் ஆசிரியர் ஊதியத்துக்குத் தனியாக ஒதுக்கினார்கள், சரி. அடிப்படைத் தொகையில் ஏற்றியது 55 டாலர்.

கடந்த மே மாதம் புதுப் பள்ளி கட்டக் கடன் பத்திரம் வெளியிட எங்கள் பள்ளி மாவட்டம் வாக்கெடுப்பு நடத்தியது. தோற்றது. எப்படி வெல்லும்? வரி விகிதம் ஒரு பைசா ஏறாவிட்டாலும், 'இது சொத்து வரி உயர்வு' என்று வாக்குச்சீட்டில் அச்சிட்டே ஆகவேண்டும் என்பது 2019-இல் வந்த சட்டம். அதைப் படித்த கை 'வேண்டாம்' என்றுதான் போகும்.

எனக்கு வாக்கு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் இது பதினோராம் ஆண்டு. எங்கள் தெருவில் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் ஆறு, அதில் அன்று வாக்களித்தது ஒரே வீடு. மதிப்பீட்டை எதிர்த்து மனுக் கொடுப்பது எப்படி என்று ஏப்ரலில் நம் வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்தி பறக்கிறது, படிவம்கூடப் பகிர்கிறார்கள். வாக்கெடுப்பு நாளன்று ஒரு செய்தி இல்லை. அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பிள்ளையும் அந்தப் பெட்டிக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது?

கவுண்டி ஆணையர்கள் கூட்டம் வரும் செவ்வாய் காலை 9 மணிக்கு. ஆம்புலன்ஸ் ஒப்பந்தம் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பேசக் குடியுரிமை தேவையில்லை, பெயர் கொடுத்தால் மூன்று நிமிடம் தருவார்கள். விடுப்புச் சொல்லிவிட்டேன். மாமனாரும் வருகிறேன் என்கிறார். வேட்டி கட்டி வரலாமா என்று கேட்டார், கட்டாயம் கட்டுங்கள் மாமா என்றேன்.