மூன்ரேக்கருக்கு ஏன் கடைசி இடம்?

ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் தரவரிசைப்படுத்தி, 1979இல் வந்த 'மூன்ரேக்கர்' படத்தைக் கடைசியில் தள்ளியிருக்கிறீர்கள். ஏற்கவே முடியவில்லை. வெனிஸ் சதுக்கத்தில் கொண்டோலா படகு தரையேறி ஓடுவதும், புறா திரும்பிப் பார்ப்பதும் அபத்தம்தான், சரி. ஆனால் அந்தத் தொடக்கக் காட்சி! பாராசூட் இல்லாமல் தள்ளிவிடப்படும் பாண்ட், முன்னால் குதித்த விமானியை அந்தரத்திலேயே விரட்டிப் பிடித்து அவனுடையதைப் பறிக்கிறார். ஸ்டண்ட் வீரர்கள் நிஜமாகவே வானத்திலிருந்து குதித்து எடுத்த காட்சி அது. விண்வெளிச் சண்டைக்கு, சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய டெரெக் மெடிங்ஸ் அதே பிலிமைத் திரும்பத் திரும்பக் கேமராவில் ஓட்டி, மினியேச்சர்களை (சிறிய மாதிரி வடிவங்களை) ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. படத்தில் ஷட்டில் எனும் விண்வெளி ஓடங்கள் பறக்கின்றன; நிஜத்தில் நாசாவின் ஷட்டில் முதன்முதலில் விண்வெளிக்குப் போனதே அதற்குப் பிறகு, 1981இல்தான். பாண்டாக நடித்த ரோஜர் மூரின் குறும்புக்கு இந்த மாதிரிக் கதைதான் பொருந்தும். ஜான் பேரியின் இசைக்காகவாவது இன்னொரு முறை பாருங்கள்.