அந்த 40 செக்கனுக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் ஒரு கலைப்பீட விரிவுரையாளர் வகுப்பில் சாதியைப் பற்றிப் படிப்பித்ததை ஆரோ போனில் எடுத்துப் போட்ட, எல்லாரும் பார்த்த அந்த 40 செக்கன் வீடியோவை நானும் பார்த்தேன். நாலு தரம். கடைசியில் அவர் "ஆனால்" என்று வாயெடுக்கிறார், அதோடு வெட்டியாச்சு. அந்த "ஆனால்"க்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. மூன்று நாளில் ஆளை மன்னிப்புக் கேட்க வைத்து, பாடத்தையும் அவரிடமிருந்து எடுத்தாயிற்று. பெரிய வெற்றி, வாழ்த்துகள்.

அப்படி என்ன படிப்பித்தார்? கோயில் நுழைவுப் போராட்டம். சாதி சொல்லிப் பொது இடத்தில் ஆளை மறிப்பது குற்றம் என்று 1957இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு 11 வருடம் கழித்தும், 1968இல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனம் போராட வேண்டியிருந்தது. இதை யாழ்ப்பாணத்தில் ஒரு கலைப்பீட வகுப்பில் கதைக்கக் கூடாது என்றால் வேறெங்கே கதைப்பது, நோர்வேயிலா?

"பிள்ளையளின்ர மனம் புண்படுது" என்கிறீர்கள். புண்படட்டும். எனக்கும் புண்பட்டது. நான் படித்த காலத்தில் எங்கள் சேர் ஒருநாள் பலகையில் ஒன்றும் எழுதாமல், "உங்கட கிணத்தடியில தனியாக் கவிழ்த்து வச்ச பேணி இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த கோபம்! எங்கட வீட்டைப் பற்றிக் கதைக்க இந்தாள் ஆர்? சைக்கிளை மிதித்து நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். மதில் இடுக்கில் இருந்தது, நெளிந்த அலுமினியப் பேணி. தினமும் பார்த்த பேணிதான். ஓலை வெட்ட வருகிறவருக்கு அம்மம்மா அதில்தான் தேத்தண்ணி ஊற்றுவா, கேத்தில் பேணியில் முட்டாமல் கையை நல்லா உயர்த்தி. சேரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. ஆனால் பீடாதிபதியிடம் போய் முறையிடவும் இல்லை. (அப்போது போனில் வீடியோ இல்லை, அதுவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.)

விரிவுரையாளர் தன் அரசியலைத் திணிக்கலாமா, எதிர்த்துக் கதைத்தால் புள்ளி வெட்டுவார்களே என்றால், வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அங்கேயே எழும்பி வாதாடுங்கள். அதற்குக் கொஞ்சம் வாசித்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

"இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை" என்பதை நான் பிறந்த நாளில் இருந்து கேட்கிறேன். எந்த நேரமப்பா அந்த நேரம்? 1989 செப்டெம்பரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே மனித உரிமைக்காகக் குரல் கொடுத்த ராஜினி திராணகம சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல், அதே பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அதோடு இதை ஒப்பிடலாமா என்று பாய்வீர்கள். ஒப்பிடவில்லை. இந்த ஊரில் வளர்ந்தவன், வகுப்பில் ஒருத்தர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாலே எனக்கு வயிறு கலங்குது, அவ்வளவுதான். கொழும்பில் இருந்து வந்து சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை இது, எங்கட வகுப்பறையை எங்கட பிள்ளைகள்தான் பூட்டியிருக்கிறார்கள்.

அந்த வீடியோவை முதலில் பகிர்ந்தவர்களில் ஒருவன் என்னிடம் படித்த பொடியன். சிரிக்கிற முகம் வேறு போட்டிருந்தான். போன மாதம்தான் வேலைக்கு என்று என்னிடம் சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனவன்.

நேற்று நான் இரண்டு வரி எழுதினதுக்கே, "இப்ப ஆர் சாதி பார்க்கினம்" என்று கீழே ஒருவர் பத்து வரி எழுதினார். சரி என்று விட்டேன். இரவு அதே ஆள் இன்பொக்ஸில் வந்து, மிக மரியாதையாக, "தம்பி, அப்பாவுக்கு எந்த ஊர்? அதில எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்.