காந்தத்தைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீங்க

போன வாரம் பெங்களூர்ல எங்க ஹலசூர் தெருப் பையன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல மூணு படம் அனுப்பினான். "அண்ணா, என் கிதார் ஆம்ப்புக்கு விண்டேஜ் ஸ்பீக்கர் போடலாம்னு இருக்கேன். இதுல எது?" மூணு படத்துலயும் ஸ்பீக்கரோட, காந்தம் இருக்கிற பின்பக்கம்தான். நீல மூடி, பச்சை மூடி, தங்கக் கலர் ஸ்டிக்கர். சத்தம் வர்ற பேப்பர் கோன் ஒரு படத்துலகூட இல்ல. முதுகைக் காட்டியே பொருளை விக்கிற வியாபாரம் இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். பதில் அடிக்க ஆரம்பிச்சேன், நீளமாயிடுச்சு. அதான் இங்கயே போடுறேன்.

ஸ்பீக்கர் மாத்தணும்னு அவன் நினைச்சது சரி. ஆறு பெடல் வாங்கிக் காலடியில பரப்பி வெச்சுட்டு, ஆம்ப்போட வந்த ஸ்பீக்கரையே கட்டி அழுவுறவங்களை இந்த ஊர்ல நிறைய பார்த்திருக்கேன். கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தை மளமளன்னு இறக்கிடும். அது குறை இல்ல, அதுதான் அதோட வேலையே. டிஸ்டார்ஷனை (வேணும்னே கரகரப்பாக்கின கிதார் சத்தத்தை) வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர்ல நேரா விட்டுப் பாருங்க, தகர டப்பாக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கும். அந்த வண்டைப் பிடிச்சு வெளியே போடுறது பேப்பர் கோன்தான்.

இப்ப இந்த 'விண்டேஜ்', அதாவது பழைய காலத்து ஸ்பீக்கர் சமாச்சாரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பக்கம் சிகாகோ ஜென்சன் கம்பெனி. மாடல் பேர் பி-ன்னு ஆரம்பிச்சா அல்நிக்கோ காந்தம், சி-ன்னா செராமிக். இன்னைக்கு அதே பேர்ல வர்றது பெரும்பாலும் இத்தாலியில செய்யறது. பிரிட்டிஷ் பக்கம் செலஸ்டியன். அல்நிக்கோன்னா அலுமினியம், நிக்கல், கோபால்ட். கோபால்ட் எப்பவுமே விலை கூடின சரக்கு, 1970-களோட கடைசியில ஒரேயடியா ஏறிப்போச்சு. ஆனா செராமிக் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற செலஸ்டியன் கிரீன்பேக், 60-கள்ல வந்தது, செராமிக்தான். செராமிக்னா மட்டம்னு எவனாவது சொன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுடுங்க.

இன்னொரு கூத்து: செலஸ்டியனோட 'விண்டேஜ் 30'. பேரைப் பார்த்து ஏதோ அறுபது வருஷப் பழைய டிசைன், 30 வாட்னு நினைச்சு வாங்குறாங்க. அது 1986-ல வந்தது, தாங்குறது 60 வாட். நல்ல ஸ்பீக்கர்தான், பேர்தான் பொய் சொல்லுது.

சரி, என் கதைக்கு வர்றேன். நானும் ஒரு காலத்துல முதுகைப் பார்த்து வாங்கினவன்தான். என்கிட்ட 15 வாட் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வெச்சது), 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு. அல்நிக்கோ, 15 வாட், 100 டெசிபல்னு போட்ட ஒண்ணை, ஏறக்குறைய ஒரு மாச வாடகைக் காசைக் குடுத்து வாங்கினேன். ஆம்ப்பும் 15, ஸ்பீக்கரும் 15, பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி ஒரு திருப்தி. அந்த 100-ஐ மட்டும் நான் கண்டுக்கவே இல்ல.

அது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் கேக்கும்ங்கிற கணக்கு. பழைய ஸ்பீக்கர் 97. மூணு டெசிபல் கூடினா ஆம்ப்போட வாட்டை ரெண்டு மடங்காக்கின மாதிரி. அதாவது மாடி வீட்டுல உக்காந்துட்டு 15 வாட் ஆம்ப்பை 30 வாட்டா மாத்தி வெச்சுட்டேன். கீழ்வீட்டு ஓனர் மூணாவது நாளே படியேறி வந்து, "ஸ்வல்ப கம்மி மாடி சார்" அப்படின்னாரு, கன்னடத்துல 'கொஞ்சம் குறைங்க சார்'னு. நல்ல மனுஷன், கோபமா சொல்லல. வால்யூமை 2-க்குக் கீழ இறக்கினேன். வால்வு ஆம்ப் அந்த இடத்துல தூங்கும். எந்தச் சத்தத்துக்காக அவ்வளவு செலவு பண்ணினேனோ அது வரவே இல்ல.

கூட வாசிக்கிற பசங்களோட ஒரு ஞாயித்துக்கிழமை ரிகர்சல் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனேன். இங்க எந்த ஓனரும் இல்லன்னு முழுசா திறந்துவிட்டேன். 15 வாட் வால்வு ஆம்ப்பை முட்டித் தள்ளினா 15-க்கு மேலயே தரும்னு அன்னைக்குத்தான் புத்திக்கு எட்டினது. மூணாவது பாட்டுல கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல.

எஸ்.பி. ரோட்டுப் பக்கம் காயில் (கோனை ஆட்டுற கம்பிச் சுருள்) சுத்துற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, கோலார் தங்கவயல்காரர். ஸ்பீக்கரை மடியில வெச்சு, நாலு விரலையும் கோனைச் சுத்திச் சமமா வெச்சு, காதைக் கிட்ட கொண்டுபோய் மெதுவா அமுக்கினாரு. உள்ள காயில் உரசுற சத்தம் எனக்கே கேட்டது. "காயில் வெந்துடுச்சு தம்பி. மைக் செட் கோன் இருக்கு, இன்னைக்கே போட்டுத் தரேன். பாடும். ஆனா உன் சத்தம் வராது" அப்படின்னாரு. கோனோட தடிமனும் கனமும் மாறினா காந்தம் எதுவா இருந்தும் பிரயோஜனம் இல்லங்கிறதை எனக்குச் சொல்லிக்குடுத்தவர் அவர்தான். வேலையை வேண்டாம்னு சொல்லித் திருப்பி அனுப்பின கடைக்காரர் வேற யாரையும் நான் பார்த்ததில்ல.

இப்ப ஓடுறது ஜென்சன் பி12ஆர். 25 வாட், சென்சிட்டிவிட்டி 95-க்கு அக்கம்பக்கம். அஞ்சு டெசிபல் குறைஞ்சதால, 100 டெசிபல் ஸ்பீக்கரோட வெச்சுப் பார்த்தா என் ஆம்ப் 5 வாட் ஆம்ப் மாதிரி நடந்துக்குது. வால்யூம் 4 வரைக்கும் போறேன், வால்வு முழிச்சுக்குது, ஓனர் படியேறல. இதை 'பலமில்லாத ஸ்பீக்கர்'னு ஒதுக்குறவங்க மைதானத்துல வாசிக்கிறாங்களோ என்னவோ. அபார்ட்மெண்ட்ல வாசிக்கிறவனுக்கு இது வரம்.

ஆக தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி டெசிபலைப் பாரு. வாட் உன் ஆம்ப்பை விட ஒண்ணரை மடங்காவது இருக்கட்டும். ஆம்ப் பின்னாடி எத்தனை ஓம்னு (மின்தடைக் கணக்கு) போட்டிருக்கோ அதே ஓம் வாங்கு. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அதுக்கு ஆகுற செலவுல இன்னொரு ஸ்பீக்கரே வாங்கலாம்.

மாட்டும்போது ஒரு விஷயம். ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் சடார்னு இழுக்கும். கொஞ்சம் அசந்தா நேரா பேப்பர்ல ஓட்டை. ஒரு கையால கோன் மேல கெட்டியான அட்டையைப் பிடிச்சுக்கிட்டே முடுக்கு. முதல் நாள் சத்தம் விறைப்பா இருக்கும், திட்டாத. புது பேப்பர் இளகறதுக்குச் சில வாரம் வாசிக்கணும்.

அப்புறம், மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா 8 ஓம் ஸ்பீக்கர் 6-க்கும் 7-க்கும் நடுவுலதான் காட்டும். அது டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது பேட்டரி மாதிரி நேர் மின்சாரத்துக்கு இருக்கிற தடை, அப்படித்தான் இருக்கும். ஏமாத்திட்டாங்கன்னு எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணாத.