பாரிமுனையோடு ஊர் முடிஞ்சுபோச்சா?

"அங்கெல்லாம் ராத்திரியில போகாதீங்க சார்."

இந்த வரியைக் கேட்காமல் வடசென்னையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கேட்டிருப்போம், பெண் கேட்டுப் போன வீட்டில் கேட்டிருப்போம். போன வாரம் என் வீட்டுக்கு வரவேண்டிய விருந்தாளிகளிடமே ஒருத்தர் இதைச் சொல்லி நிறுத்திவைத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பினாங்கிலிருந்து என் சித்தி மகன் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்திருந்தான். எழும்பூரில் ஒரு ஓட்டலில் அறை. சாயந்தரம் ஏதாவது ஆட்டம் பார்க்கணும், இந்த ஊர்ப் பாட்டு கேட்கணும், ராத்திரி தெருவில் நின்று சாப்பிடணும். அவ்வளவுதான் அவர்கள் ஆசை. "நாலு மணிக்குக் கிளம்பிடறோம் அண்ணே" என்றான். நாலரை ஆனது, ஐந்து ஆனது. போன் போட்டால் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறான். "இவரு வேணாங்கிறாரு அண்ணே, நீங்களே பேசுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

"எந்த இடம் சார்?"

"வியாசர்பாடி."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அங்க எதுக்கு சார்?"

"ஃபுட்பால் பார்க்க."

"ஃபுட்பாலா? பக்கத்து மால்ல பெரிய ஸ்கிரீன் இருக்கு சார். பிரீமியர் லீக் போடுவாங்க. ஏசி, டின்னர் எல்லாம் சேர்த்து பேக்கேஜா பண்ணித் தரோம்."

கடல் தாண்டி வந்தவனை டிவி முன்னால் உட்காரவைத்து இங்கிலாந்துக்காரன் ஆடுவதைக் காட்டப்போகிறார்களாம். அதைத்தான் அவன் பினாங்கிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறானே! வியாசர்பாடி முல்லை நகர் மைதானம் அங்கிருந்து அரை மணி நேரம். சாயந்தரம் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புழுதியில் பந்து உதைப்பதைப் பார்க்கலாம். பத்து வயசுப் பிள்ளை மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தைக் கடத்துவான். அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதியது சும்மா இல்லை.

பொறுமையாகத்தான் பேசினேன். "தம்பி, நான் தண்டையார்பேட்டையிலதான் இருக்கேன். நான் கூடவே இருப்பேன்" என்றேன்.

"அது சரி சார். ஆனா சேஃப்டி..."

"என்ன சேஃப்டி?"

"இல்ல சார், பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா?"

"நாங்க ரெகமெண்ட் பண்றதில்ல சார்."

"சரி, பாட்டு கேட்க எங்கே அனுப்புவீங்க?"

"ஈசிஆர்ல லைவ் பேண்ட் இருக்கு சார். மார்கழின்னா சபா டிக்கெட் எடுத்துக் கொடுப்போம்."

"அவங்க நம்ம தெருப் பாட்டு, கானா கேட்கணும்னு வந்திருக்காங்க."

"அது வேற மாதிரி பசங்க பாட்டு சார். ஃபாரின் கெஸ்டுக்கு செட் ஆகாது."

"பர்மா நூடுல்ஸ், அத்தோ சாப்பிடணும்னு சொன்னாங்களே?"

"ரோட்டுக்கடை சார். வயிறு கெட்டுப்போனா எங்க மேலதான் கம்ப்ளெயின்ட் வரும்."

அதற்கு மேல் தாங்க முடியாமல், "நீங்க எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன்.

"பெரம்பூர் சார்."

பெரம்பூர்! முல்லை நகருக்கு அந்தப் பக்கம் வீடு. அந்தப் பையன் மேல் இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. தன் ஊரையே தன் வாயால் அசிங்கமாகச் சொல்ல அவனைப் பழக்கி, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே, அவர்கள் மேல் ஏறியது. வேலை நேரம் முடிந்ததும் அந்தப் பையன் எங்கே போய்த் தூங்குகிறான்? அவன் அம்மா ராத்திரி மருந்துக்கடைக்கு எந்தத் தெருவில் நடந்து போகிறாள்? அவர்களுக்கு இல்லாத ஆபத்து, மூன்று மணி நேரம் வந்துபோகும் விருந்தாளிக்கு எங்கிருந்து வரும்?

அந்த ஓட்டலில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற அட்டையைச் சித்தி மகன் அப்புறம் காட்டினான். மாலையிலும் இரவிலும் எங்கெல்லாம் போகலாம் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். மெரினா, தி.நகர், மயிலாப்பூர், பெசன்ட் நகர், மகாபலிபுரம் வரைக்கும் நீண்டு போகிறது. மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், பாரிமுனை. அதற்கும் மேலே ஓட்டலின் பெயர் கொட்டை எழுத்தில். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று லட்சக்கணக்கான பேர் அந்த எழுத்துக்கு அடியில்தான் குடியிருக்கிறோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனுக்குக்கூட அதில் ஒரு புள்ளி இல்லை.

விளையாட்டைக் காட்டவேண்டும் என்றால் எங்களிடம் கேளுங்கள். கேரமில் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனவர் சென்னைக்காரர் மரிய இருதயம். 2008-ல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். அவர் அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். ராத்திரி எட்டு மணிக்குமேல் எங்கள் தெருக்களில் மஞ்சள் பல்பு தொங்கும் கேரம் போர்டைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஸ்டிரைக்கர் பட்டு காய் குழிக்குள் விழும் சத்தத்தை வைத்தே அடித்தது யார் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. பக்கத்தில் போய் நின்றால் ஸ்டூலை நகர்த்தி இடம் கொடுப்பார்கள்.

குத்துச்சண்டையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்களின் பெயரில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று பார்த்த ஆட்டம் அது. 1980-ல் முகமது அலியே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எழும்பூர் ஓட்டலிலிருந்து அந்த ஸ்டேடியத்துக்கு நடந்தே போகலாம். அந்த அட்டையில் அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

பாட்டு விஷயத்தில்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவை வேடிக்கை பார்க்க நான் யாரையும் கூப்பிடமாட்டேன். அது துக்கத்தில் இருக்கிறவர்களுக்கானது, வெளியாள் கேமராவோடு வந்தால் நானே துரத்துவேன். ஆனால் ஆடி மாசம் அம்மன் கோயில் மேடையில், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியில், பிறந்தநாள் கச்சேரியில் பாடுகிறார்களே, அதைக் கேட்க என்ன தடை? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானா பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோது எவ்வளவு பெரிய கூட்டம் வந்தது! ஆனாலும் விருந்தாளியிடம் சொல்லும்போது மட்டும் அது இன்னும் வேற மாதிரி பசங்க பாட்டு.

சபாதான் வேண்டும், கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வடக்கே வாருங்கள். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில். திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று இன்றைக்கும் மேடையில் ஒலிக்கின்றன. முத்துசாமி தீட்சிதர் இளவயதில் வாழ்ந்தது எங்கள் மணலியில். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தது ஜார்ஜ் டவுன் வீட்டில், பெரிய பெரிய வித்வான்கள் தேடி வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இதையெல்லாம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மணலி என்றால் எண்ணெய் ஆலைகளின் பெட்ரோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறார்கள். அந்த நாற்றத்தை எங்கள் தலையில் கட்டியது நாங்களா?

ஒருவழியாக அந்தப் பையனிடமிருந்து போனை வாங்கச் சொல்லி, வண்டி பிடித்து வரச் சொன்னேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் வண்டிக்காரர், "டிராப் எங்க?" என்று கேட்டுவிட்டு ரத்து. அடுத்தவர் போனை எடுக்காமலே ரத்து. அதற்கடுத்தவர், "அந்தப் பக்கம் வந்தா ரிட்டர்ன் சவாரி கிடைக்காது, மேல போட்டுக் கொடுங்க" என்றார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அவர் பிழைப்பு போகும், அது எனக்குப் புரிகிறது. அந்த லாரிகளை அங்கே வருஷக்கணக்கில் நிறுத்திவைத்திருக்கிறவர்களை யார் கேட்பது? கடைசியில் மெட்ரோ ஏறித்தான் வந்தார்கள். அதற்குள் இருட்டிவிட்டது, முல்லை நகரில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு அதைக் காட்டமுடியவில்லையே என்பதுதான் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

கேரம் பார்த்தார்கள். அப்புறம் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய நம் ஆட்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுத்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் ஊற்றினார் கடைக்கார அண்ணன். மூன்று பேரும் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். இரண்டாவது தட்டு வாங்கும்போது போலீஸ் ரோந்து வண்டி வந்து ஹாரன் அடித்தது. "மூடு, மூடு." தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அண்ணன் விளக்கை அணைத்துவிட்டார்.

கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது, 2022-ல் நீட்டித்தார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்குத்தான் அது. ஒரு வண்டி, ஒரு அடுப்பு, கூட மச்சான் ஒருத்தர், இப்படிப் பிழைக்கிறவருக்கு அதில் இடமில்லை. மெட்ரோவும் ராத்திரி 11 மணியோடு சரி. சேப்பாக்கத்தில் ஐபிஎல் என்றால் கடைசி ரயிலைத் தள்ளிப்போட முடிகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்னே மீன் ஏலம் தொடங்கிவிடும், முதல் ரயிலோ காலை 5 மணிக்கு. இந்த ஊரிலேயே பார்க்கவேண்டிய பெரிய ராத்திரிக் காட்சி அந்த ஏலம்தான். அதற்கு ஒரு பஸ் விடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

காசிமேடு என்றதும் இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, வருஷா வருஷம் நடக்கிறது, ஊருக்கே தெரியும். அந்த மே மாச ஞாயிற்றுக்கிழமையில் காரில் வந்து இறங்கி, "வஞ்சிரம் ஏன் இவ்வளவு விலை, ஏமாத்தறீங்களா?" என்று மீன்காரப் பெண்களிடம் கத்துகிறார்களே, அவர்களை என்ன செய்வது? ஃபைபர் படகில் வந்த சங்கரா இருக்கும், காரப்பொடி இருக்கும், அதை வாங்குங்கள். பிடிக்காவிட்டால் கோழி வாங்கிக்கொண்டு போங்கள். அந்த அக்காக்களிடம் குரலை உயர்த்தாதீர்கள்.