டைரீசியஸ் என்ன சோசியக்காரரா?

ஞாயித்துக்கிழமை 'ஆன்டிகனி' நாடகத்தைப் பத்திப் பேசின கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும். பேர் போடப் போறதில்ல. "கிழட்டு சோசியக்காரன் பேச்சைக் கேட்காத கிரியோன்தான் அந்த நாடகத்துலயே ஒரே பகுத்தறிவாளன்"னு ஒருத்தர் சொன்னார். அரங்கமே கை தட்டுச்சு. நான் கையைத் தூக்கினேன். "நேரமாச்சு மேடம்"னாங்க. சரி, இங்க நேரம் ஆகாது.

'ஆன்டிகனி' சோஃபக்ளீஸ் கி.மு. 441 வாக்குல எழுதின கிரேக்க நாடகம். அதுல கிரியோன் தீப்ஸ் ஊர் ராஜா, டைரீசியஸ் குறி சொல்றவர். சொந்த ஊர் மேல படையெடுத்து வந்து செத்த பாலினைசீஸைப் புதைக்கக் கூடாதுன்னு ராஜா உத்தரவு போடுறார். அவனோட கூடப் பொறந்த ஆன்டிகனி அதை மீறி அவன் மேல மண்ணு போடுறா, ராஜா அவளைக் குகையில அடைக்கச் சொல்லிடுறார். அதுக்கப்புறம் வர்ற டைரீசியஸ் கட்டம் போட்டு ராசிபலன் சொல்ல வரல. பறவைங்க ஒண்ணையொண்ணு நகத்தால கிழிச்சுக்குது, பலி போட்டா தீ பிடிக்க மாட்டேங்குது, கொழுப்பு உருகிச் சாம்பல்ல வடியுதுங்கிறார். ஏன்னா புதைக்கக் கூடாதுன்னு கிரியோன் வெளியில போட்ட பாலினைசீஸோட பிணத்தை நாயும் பறவையும் தின்னுட்டு, அந்த வாயோட வந்து ஊர்ப் பலிபீடத்தையெல்லாம் நாசமாக்கியிருக்கு. அவருக்குக் கண் தெரியாது. பலி எரியாததைக் கைபிடிச்சுக் கூட்டிவந்த பையன்தான் பார்த்துச் சொல்லியிருக்கான்.

அந்தப் பகுத்தறிவாளர் என்ன செஞ்சிருக்கணும்? ஒரு ஆளை அனுப்பிப் பலிபீடத்தைப் பார்த்துட்டு வரச் சொல்லியிருக்கலாம். இவர் என்ன சொன்னார்? சார்டிஸ் ஊர்ல இருந்து வர்ற வெள்ளித்தங்கமோ, இந்தியத் தங்கமோ, எதை வேணா வித்துச் சம்பாதிச்சுக்கோங்க, அவனைப் புதைக்க விடமாட்டேன்! குறி சொல்ற கூட்டமே காசு பிடிச்ச கூட்டமாம். சொன்னது உண்மையான்னு பார்க்கல. சொன்னவன் மடியைத் தடவிப் பார்த்தார். இதுக்குப் பேர் பகுத்தறிவா?

"பறவை பார்த்துக் குறி சொல்றது மூடநம்பிக்கை இல்லையா?"ன்னு கேப்பீங்க. ஆமா, மூடநம்பிக்கைதான், நானும் நம்பல. ஆனா கிரியோன் நம்பினவர். உங்க பேச்சை நான் இதுவரைக்கும் தட்டினதில்லைன்னு அதே காட்சியில அவரே சொல்றார். ஆக, அதுவரைக்கும் ஞானி. தனக்குப் பிடிக்காததைச் சொன்ன அன்னைக்குக் கைக்கூலி. "சொந்த ஊர் மேல படையெடுத்தவனுக்கு எதுக்குச் சவ அடக்கம்?"னு இன்னொருத்தர் கேட்டார். செத்தவனைத் திரும்பவும் கொல்றது என்ன வீரம்னு டைரீசியஸே கேட்டுட்டார், நான் புதுசா என்ன சொல்ல?

எங்கப்பா கிரியோன் இல்ல, நல்ல மனுஷன். காம்பவுண்டு சுவர் கட்டும்போது மேஸ்திரி சொன்னார்: "சார், இது போட்ட மண்ணு. கடக்கால் இன்னும் ரெண்டடி தோண்டணும்." அப்பா சிரிச்சுட்டு எங்ககிட்டத் திரும்பிச் சொன்னார்: "ரெண்டு நாள் கூலி கூட வேணுமாம்." மேஸ்திரி காதுல விழுந்துச்சு. கையில இருந்த தூக்குக்குண்டு நூலைச் சுத்திச் சுத்தி வெச்சுக்கிட்டே இருந்தார், ஒண்ணும் பேசல. அந்த ஐப்பசி மழையில சுவர் பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டாய் மேல சாஞ்சுது. ரெண்டு குட்டி.

அதனாலதான் எனக்கு அந்தக் கைதட்டல் தாங்கல. கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது "மேடம் ரொம்ப உணர்ச்சிவசப்படுறாங்க"ன்னு சிரிச்சதும் காதுல விழுந்துச்சு. கிரியோனும் இதைத்தான் ஆன்டிகனியைக் கட்டிக்கப் போற தன் மகன் ஹீமோன்கிட்டச் சொல்றார்: ஒரு பொம்பளைகிட்டத் தோத்தோம்னு பேர் வாங்கக் கூடாதாம். நீ ஆளில்லாத ஊரைத்தான் நல்லா ஆளுவன்னு அந்தப் பையன் திருப்பிக் கொடுப்பான் பாருங்க! நமக்கு அந்த நேரத்துல இதெல்லாம் வாயில வராது. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும்.

"கடைசியில கிரியோன் மனசு மாறினாரே"ம்பீங்க. மாறினார். முதல்ல குகையில அடைச்ச பொண்ணை வெளிய விடு, அப்புறம் பிணத்துக்குக் கல்லறை கட்டுன்னு ஊர்ப் பெரியவங்க வரிசை போட்டுச் சொன்னாங்க. இவர் முதல்ல பிணத்துகிட்டப் போனார். கழுவி, எரிச்சு, மண்மேடு எழுப்பிட்டுக் குகைக்குப் போறார். ஆன்டிகனி தூக்குல தொங்குறா. ஹீமோன் அப்பன் கண்ணு முன்னாடியே தன்னைக் குத்திக்கிட்டுச் சாகுறான். சேதி கேட்டு ராணியும் போயிட்டா.

எங்கப்பாவும் முதல்ல சுவரைத்தான் திரும்பக் கட்டினார், வேற ஆளை வெச்சு. மேஸ்திரி வீட்டுக்குப் போனது மூணு மாசம் கழிச்சு. வீடு பூட்டிக் கிடந்துச்சு.